கட்டாக்காலிகளும் கருணைச் சங்கங்களும்

பசித்தவனுக்குச் சோறிடுவதாகச் சொல்லிப் பணம் திரட்டியவன் சோறிடாது போனால், பசித்தவனே ஒருநாள் தெருவுக்கு வந்து உண்மையைச் சொல்லிவிடுவான். அநாதை விடுதியொன்றில் அநீதி நடந்தால், அங்கு வளர்ந்த பிள்ளை பின்னொரு காலத்தில் வாய் திறக்கும். நாய்க்கும் பூனைக்கும் வண்டி மாட்டுக்கும் அந்த வாய் இல்லை. அவற்றின் பெயரால் அறஞ் செய்யும் சங்கம் எதுவாயினும், அதன் செயலுக்குரிய முதற் சாட்சி பேசாத சாட்சி. ஆகவேதான் மிருக நலச் சங்கங்களின் வரலாறு பெரும்பாலும் நம்பிக்கையின் வரலாறாகவே இருந்து வந்திருக்கிறது. கொடுப்பவன் யாரை நம்பிக் கொடுக்கிறான்? எதைக் கண்டு நம்புகிறான்?

களுபோவிலயில் வாழ்வோர்க்கு இது ஏட்டு வினா அன்று. கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை எமது ஊரிலேயே இருக்கிறது. நாய் கடித்தவர்கள் ஊசிக்காக அங்கே வருகின்றனர். நாய் கடிப்பது ஒழுங்கையால் நடந்து போகிறவனை. கண்ணாடி ஏற்றிய காரில் போகிறவனையன்று. பத்திரிகை போடும் பையனும், மீன் விற்பவரும், விடியுமுன் முதல் பஸ்ஸுக்கு ஓடும் தொழிலாளப் பெண்ணும், பள்ளிப் பிள்ளையுமே அந்தப் பல்லுக்கு எட்டுகின்றனர். அதே ஒழுங்கைகளில்தான், தன் வீட்டுச் சோற்றில் ஒரு பங்கை நான்கு கட்டாக்காலி நாய்களுக்கு வைக்கிற பெண்களையும் காண்கிறோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எம்மவரிடையே இது குறித்து இரு கட்சிகள் உண்டு. பதிவு இலக்கமும் கணக்குப் பரிசோதகரும் உள்ள பெரிய சங்கத்துக்கே கொடுக்கவேண்டும் என்பார் ஒரு சாரார். கண்ணெதிரே சோறு வைக்கும் அயலவளுக்குக் கொடுத்தால் அது நாயின் வயிற்றைச் சேரும், சங்கத்துக்குக் கொடுத்தால் அச்சுக் கூலிக்கும் அதிகாரி சம்பளத்துக்கும் போகும் என்பார் மறுசாரார். இரு சாராரும் பருமனைப் பற்றியே வாதிடுகின்றனர். ஆனால் கடந்த இருநூறு ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால், நம்பிக்கை குலைந்த இடம் பருமன் அன்று, வேறொன்று என்பது புலனாகும்.

முதலில் இலண்டன். இன்று றோயல் என்ற அடைமொழியோடு விளங்கும் மிருக வதைத் தடைச் சங்கம், 1824 இல் அந்நகரத்துக் கோப்பிக் கடையொன்றில் கூடிய சிலரால் தொடங்கப்பட்டது. அதன் முதற் செயலாளர் ஆதர் புறூம் என்னும் பாதிரியார். சங்கம் பட்ட கடனுக்காக 1826 இல் சிறை சென்றவர் அவர். அவருக்குப் பின் செயலாளராகிய லூவிஸ் கொம்பேட்ஸ் ஒரு யூதர், இறைச்சி உண்ணாதவர், குதிரை பூட்டிய வண்டியில் ஏறவும் மறுத்தவர். சங்கத்தைக் கடனிலிருந்து மீட்பதில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. ஆயின், சங்கம் கிறிஸ்தவக் கொள்கைகளின் மேல் நிற்பதெனத் தீர்மானிக்கப்படவே, அவர் விலகி வேறொரு சங்கம் தொடங்க நேர்ந்தது. 1840 இல் விக்டோரியா மகாராணி தமது அரச அடைமொழியை வழங்கினார். கடனுக்காகச் சிறை சென்றவரும் மதத்தின் பேரால் ஒதுக்கப்பட்டவரும் கட்டிய வீட்டில் பிரபுக்கள் குடிபுகுந்த கதை இது. அதன் விளைவு என்ன? சங்கத்தின் பரிசோதகர்கள் வண்டிக்காரனையும் சேவற் சண்டைக்காரனையும் நீதிமன்றத்துக்கு இழுத்தனர். சங்கத்தின் போஷகர்கள் குதிரையேறி ஆடிய நரி வேட்டை மட்டும் நெடுங்காலம் தப்பி நின்றது. அதை எதிர்ப்பதெனச் சங்கம் முடிவு செய்தது 1970களிலேதான்.

அந்த அச்சில் வார்த்த சட்டமே கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. 1893 இல் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம்; 1901 இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம்; 1907 இல் மிருக வதைத் தடைக் கட்டளைச் சட்டம். இந்தக் கடைசிச் சட்டத்துக்கு ஓராண்டு முன்புதான், 1906 இல், மாநகர சபை விதியொன்றை எதிர்த்துக் கொழும்பு மாட்டுவண்டிக்காரர் வேலைநிறுத்தம் செய்தனர். இந்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்க கால நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் துறைமுகத்திலிருந்து பாரம் இழுத்த மாட்டின் முதுகுப் புண்ணைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, அதே வண்டியை ஓட்டியவனின் அரை வயிறு தெரியவில்லை என்பதை இந்த இரு ஆண்டுகளும் அருகருகே நின்று காட்டுகின்றன. 1907 இன் சட்டம் விதித்த உச்ச அபராதம் நூறு ரூபா. அக்காலத்தில் அது ஒரு வண்டிக்காரனின் மாதக்கணக்கான உழைப்பு. அதே நூறு ரூபா நூறாண்டுக்கு மேலாகவும் ஏட்டில் மாறாதிருந்தது. இன்றைய கொழும்பில் அத்தொகைக்கு ஒரு சோற்றுப் பார்சலும் கிடையாது. அன்று ஏழையை ஒடித்த அபராதம் இன்று எவனையும் சுடாத அபராதமாயிற்று. 2006 இல் சட்ட ஆணைக்குழு புதிய சட்டமூலமொன்றை வரைந்தது. அது பல ஆண்டுகள் பல மேசைகளில் கிடந்தது.

மேலிருந்து இறங்கிவந்த கருணையின் கதை இது. தெருவிலிருந்து எழுந்த கருணையின் கதை வேறு. 1860 இல் இலண்டனின் வடபகுதியில் மேரி டீல்பி என்னும் மாது ஒரு குதிரை லாயத்தை வாடகைக்கு எடுத்து, தொலைந்தும் பட்டினி கிடந்தும் அலைந்த நாய்களைச் சேர்த்தார். நாட்டின் முதன்மையான பத்திரிகை அவரை எள்ளி நகையாடியது. மனிதர் தெருவில் கிடக்க நாய்க்கு விடுதியா என்பது அதன் கேள்வி. அவர் 1865 இல் இறந்துவிட்டார். இரண்டு ஆண்டுகளில் வந்த சட்டம், தெருவில் அலையும் நாய்களைப் பிடிக்கும் அதிகாரத்தைப் பொலீசாருக்குக் கொடுத்தது. பிடித்த நாய்களைக் கொண்டுபோய் விடுவதற்கு ஓரிடம் வேண்டுமே! டீல்பியின் விடுதியே அந்த இடமாயிற்று. 1871 இல் பற்றர்சீ என்னுமிடத்துக்குப் பெயர்ந்து பெரிதாக வளர்ந்த அவ்விடுதியில், 1884 இல் நாய்களை நோவின்றிக் கொல்வதற்கென வைத்தியர் ஒருவர் வகுத்த வாயு அறை கட்டப்பட்டது. அடைக்கலம் தேடி வந்த நாய்க்கும் பொலீசார் பிடித்து வந்த நாய்க்கும் உள்ளே வர ஒரே வாசல். வெளியே செல்லும் வழி மட்டும் வேறு வேறு.

நியூயோர்க்கில் இக்கதை இன்னும் தெளிவாக நடந்தேறியது. அந்நகரில் பிடிபட்ட நாய்களை இரும்புக் கூட்டில் அடைத்து ஆற்றில் அமிழ்த்திக் கொல்வது வழக்கமாயிருந்தது. நாயொன்றுக்கு இவ்வளவென்று கூலி கொடுத்தமையால், வீட்டு வாசலில் படுத்திருந்த நாயையும் களவாடிச் சென்றனர். 1866 இல் அமெரிக்க மிருக வதைத் தடைச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பேர்க் இக்கொடுமையைக் கடுமையாகச் சாடினார். நாய்ப்பட்டியின் நிருவாகத்தை ஏற்குமாறு நகரம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். மிருகத்தைக் காக்க வந்த கை, மிருகத்தைக் கொல்லும் கூலியைப் பெறுதல் ஆகாது என்பதே அவரது நிலை. அவர் 1888 இல் மறைந்தார். 1894 இல் சங்கம் அப்பட்டியை ஏற்றுக்கொண்டது. நாய் அனுமதிக் கட்டணமும் அதன் கைக்கு வந்தது. வருமானம் நிலைத்தது, ஊழியர் பெருகினர், 1994 இன் இறுதி வரை, ஒரு நூற்றாண்டு, அந்நகரின் நாய்களைப் பிடிப்பதும் கொல்வதும் கருணைச் சங்கத்தின் தொழிலாயிற்று. ஆற்றில் அமிழ்த்துவதிலும் பார்க்க இது இரக்கமான முறை என்று சங்கத்தார் வாதாடினர். அது பொய்யன்று. ஆனால் அரசின் சம்பளத்தை வாங்கியவன் அரசின் அடுத்த கட்டளையையும் கேட்கவேண்டுமல்லவா? 1952 இல் அந்த மாநிலத்தில் நிறைவேறிய சட்டமொன்று, பட்டியிலுள்ள நாய் பூனைகளை மருத்துவ ஆய்வுகூடங்கள் கேட்டால் கொடுத்தாகவேண்டும் என்றது. சங்கம் பணிந்தது. 1979 இல் சட்டம் நீக்கப்படும் வரை, அடைக்கலம் என்று நம்பிச் சேர்த்த வாசலிலிருந்து ஆய்வுகூடத்துக்கு வழி திறந்திருந்தது.

நம்பிக்கை குலைந்த இடம் இதுவேயென்று நான் கருதுகிறேன். சங்கம் பெரிதானதனால் அன்று. யாருக்குக் கணக்குச் சொல்லவேண்டியிருந்தது என்பது மாறியதனால். அதுகாறும் தெருவிலே பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கணக்குச் சொன்னவர்கள், அதன்பின் நகர மண்டபத்துக்குக் கணக்குச் சொன்னார்கள்.

இதே சோதனை எம் மொழி பேசும் நகரொன்றுக்கும் வந்தது. அது வேறு விதமாக முடிந்தது. சென்னை மாநகராட்சி 1860 முதல் தெரு நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நாய்கள் குறையவில்லை, விசர்நாய்க்கடியும் குறையவில்லை. 1959 இல் விமானி கப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் தியாகராய நகரில் தங்கள் வீட்டையே நோயுற்ற நாய்களுக்குப் புகலிடமாக்கினர். மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றியதில் தொடங்கிய பணி என்று அக்குடும்பத்தார் கூறுவர். (உஷா சுந்தரம் இந்தியாவில் விமானம் ஓட்டிய முதற் பெண்களுள் ஒருவர்; அவர் கதை தனிக் கட்டுரைக்குரியது.) அந்த வீடே 1964 இல் புளூ குரொஸ் என்னும் பெயரில் பதிவு பெற்ற சங்கமாயிற்று. அதே ஆண்டில் அவர்கள் மாநகராட்சியிடம் ஒரு யோசனையை வைத்தனர்: கொல்லாதீர்கள், பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த தெருவிலேயே மீண்டும் விடுங்கள்.

கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அதன் தருக்கம் எளியது. தெருவில் நாய் வாழ்வது தெருவில் குப்பையும் எச்சிற் சோறும் இருப்பதனால். இருந்த நாயைக் கொன்றால் அந்தச் சோறு காலியாகக் கிடக்கும். அதை நாடி அயற் தெரு நாய் வரும். வருகிற நாய் ஊசி போட்டதா என்பதை யாரும் அறியார். கருத்தடை செய்து ஊசி போட்ட நாய் தன் தெருவைத் தானே காத்துக்கொள்ளும், இனமும் பெருக்காது, நோயும் பரப்பாது. இந்த எளிய தருக்கம் மாநகராட்சியின் செவியில் ஏற 32 ஆண்டுகள் ஆயின. 1996 இல்தான் சென்னை கொலையைக் கைவிட்டுக் கருத்தடையை ஏற்றது. 2001 இல் இந்தியா முழுவதற்கும் விதிகள் பிறந்தன. நியூயோர்க் சங்கம் நகரத்தின் வேலையை நகரத்தின் நிபந்தனையில் ஏற்றது. சென்னைச் சங்கமோ தன் நிபந்தனைக்கு நகரம் இறங்கி வரும் வரை காத்திருந்தது. காத்திருந்த அந்த 32 ஆண்டுகளும் சங்கம் வேலையற்றிருக்கவில்லை. தன் செலவிலேயே கருத்தடை செய்துகொண்டிருந்தது. இன்று அதுவும் பெரிய சங்கம். பெரிய சங்கங்களுக்குரிய வசைகளும் அதற்குண்டு. சாகக் கிடக்கும் நாயை இரவோடிரவாக வாசலில் விட்டுச் செல்பவர், அது இறந்தால் மறுநாள் பழியையும் அந்த வாசலிலேயே விட்டுச் செல்கிறார்.

கொழும்புக்கு வருவோம். நாய் பிடிக்கும் வண்டியை நினைவில் வைத்திருப்போர் எம்மிடையே பலர். பிடிபட்ட நாய் திரும்பியதில்லை. 1973 இல் இந்நாட்டில் நீர்வெறுப்பு நோயால் மாண்டவர் 377 பேர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. இந்தப் பெருமைக்கு முதலில் உரியவர்கள், நாய்களுக்கு ஊசி போட ஊரூராய் அலைந்த அரசாங்க ஊழியர்களும், கடிபட்ட ஏழைக்கு இலவசமாக மருந்து கொடுத்த வைத்தியசாலைகளும் ஆவர். சங்கங்களைப் புகழும்போது இதை மறந்துவிடுகிறோம். 2006 இல் நாய்களைக் கொல்லும் வழக்கம் அரசின் கொள்கையளவில் கைவிடப்பட்டது. கொல்லாதே என்று சொல்வது ஒரு வரிக் கட்டளை. அதற்குப்பின் என்ன செய்வது என்பது ஒரு தலைமுறை வேலை.

அதற்கு ஈராண்டு முன்பு, 2004 இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு, வெளிநாட்டுப் பெருஞ்சங்கங்கள் எம் கரைகளுக்கு வந்தன. நாய்களுக்கு ஊசி போட்டன; படம் பிடித்தன; பல திரும்பிப் போயின. போட்ட ஊசி பொய்யன்று. ஆனால் ஊசியின் பலன் காலத்தால் தேய்வது. அடுத்த ஊசியை யார் போடுவது? இந்த வினாவுக்கு ஓரளவு விடையாக அமைந்தது 2007 இல் கொழும்பில் தொடங்கிய வேலை. உள்ளூர் மிருக வைத்தியர்களின் புளூ போ டிரஸ்ட் என்ற சிறிய அமைப்பு, கொழும்பு மாநகர சபையுடன் சேர்ந்து, நகரின் நாய்களுக்குக் கருத்தடையும் ஊசியும் செய்யத் தொடங்கியது. பணம், உலகளாவிய மிருகப் பாதுகாப்புச் சங்கமொன்றினுடையது. பணத்துக்கு உரியவர் தொலைவில். அவர்களுக்கு எண்ணிக்கை வேண்டும். வேலைக்கு உரியவர் அயலில். அவர்களுக்கு ஒழுங்கைகளைத் தெரியும். அதிகாரத்துக்கு உரியவர் மாநகர சபையினர்; வாக்காளர் அவர்களிடம் கேள்வி கேட்கலாம். ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தமையால், வாய் பேசாத சாட்சிக்குப் பதிலாக மூன்று சாட்சிகள் கிடைத்தனர். பிற்காலத்தில் ஆய்வாளர் வந்து இவ்வேலையின் செலவையும் பயனையும் கணக்கிட முடிந்ததும், எழுதி வைக்கப்பட்ட ஏடுகள் இருந்தமையாலேதான். உதவிய சங்கம் 2014 இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. ஒழுங்கையில் நாய்க்கு அது தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை.

பெயர் என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் 'ஹியூமேன் சொசைட்டி' என்ற பெயரில் சிறு நாய் விடுதிகள் உண்டு. 1954 இல் பிறந்த நாடளாவிய பெருஞ்சங்கமொன்றும் அதே சொற்களைத் தன் பெயரில் கொண்டிருந்தது. பெரிய சங்கத்துக்கு அனுப்பிய பணம் தன் ஊர் விடுதிக்கே போகிறதென்று நம்பியவர் ஏராளம். அப்படிப் போகவில்லை, அதன் வேலை சட்டமும் பிரசாரமும். அச்சங்கம் 2025 இல் பெயரை மாற்றிக்கொண்டது. முன் சொன்ன நியூயோர்க் சங்கமோ, சர்க்கஸ் கம்பனியொன்றுக்கு எதிராக நடத்திய வழக்கில் முதன்மைச் சாட்சி கூலி பெற்றவரென்று நீதிமன்றம் கண்டமையால், 2012 இல் 93 இலட்சம் டொலரை அந்தக் கம்பனிக்கே கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. யானைக்காக உண்டியலில் இட்ட காசு யானையைக் கட்டி வைத்தவனிடம் போய்ச் சேர்ந்தது! ஆயினும் பெரிய சங்கங்களின் குறைகளை விளம்பரம் போட்டுப் பரப்புகிறவர் எல்லோரும் சின்ன விடுதிகளின் நண்பர் என்று எண்ணிவிடக் கூடாது. அத்தகைய விளம்பரங்களுக்குப் பின்னால் உணவு முதலாளிகளின் பணம் இருந்ததும் உண்டு. கோழிக் கூட்டின் அளவைப் பற்றிச் சட்டம் கேட்கும் சங்கம் அவர்களுக்கு எதிரி. நாலு நாய்க்குச் சோறு வைக்கும் மூதாட்டி எதிரியல்லள்.

அந்த மூதாட்டியைப் பற்றியும் உண்மையைச் சொல்லவேண்டும். அவள் செய்வது அரசும் நகர சபையும் செய்யாது விட்ட வேலை. அதனாலேயே அவளை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டு அவள் தலையிலேயே முழுச் சுமையையும் வைத்துவிடுகிறோம். அயலவர் தங்கள் வீட்டுப் பெட்டைக் குட்டிகளை இரவில் அவள் வேலியோரம் போடுகின்றனர். நான்கு நாய் நாற்பதாகிறது. நாற்பதுக்கும் ஊசி போட்டதா, எத்தனைக்குக் கருத்தடை ஆயிற்று என்ற ஏடு அங்கே இல்லை. 2022 இன் நெருக்கடியில் அரிசி விலை ஏறி, மருந்து கிடையாது போனபோது, வளர்த்த நாயைத் தெருவில் விட்டவர்கள் பலர். அவையும் அவள் வாசலுக்கே வந்தன. அவள் நோயில் விழுந்தால் அந்த நாற்பதுக்கும் அடுத்த நாள் இல்லை. கண்ணால் காண்கிறோம் என்ற ஒரே காரணத்தால் நம்புகிறோம். ஆனால் நாம் காண்பது சோற்றுத் தட்டை மட்டும்.

வடக்கே இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் நாய்கள் சரணாலயத்தை இவ்விடத்தில் நினைக்கிறேன். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுக்க முடிந்ததை எடுத்தனர். நாயை எடுக்க முடிந்தவர் அரிது. கைவிட்டுச் சென்ற வேதனையை அறிந்த மண் அது. அங்கே எழுந்த சரணாலயத்தை மக்கள் நம்பியதற்குக் காரணம் அதன் பருமனுமன்று, சிறுமையுமன்று. அதே அறக்கட்டளை விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குப் பாடசாலையும் முதியோருக்கு இல்லமும் நடத்துவதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தனர். வாய் திறந்து சொல்லக்கூடிய சாட்சிகள் அங்கே இருந்தனர். பேசாத உயிர்களுக்கான நம்பிக்கை அவர்களிடமிருந்து கடன் வாங்கப்பட்டது.

களுபோவில, தெகிவளை–கல்கிசை மாநகர சபையின் எல்லைக்குள் இருக்கிறது. நாய்களுக்கு ஊசி போடும் நாள் எப்பொழுது, எந்த ஒழுங்கையில், எத்தனை நாய்க்குப் போட்டாயிற்று, எத்தனை பெட்டை நாய்களுக்குக் கருத்தடை ஆயிற்று, இன்னும் எத்தனை மிச்சம் என்பதை வட்டாரம் வட்டாரமாக எழுதிச் சனசமூக நிலையங்களிலும் கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலய வாசல்களிலும் ஒட்டுவது அதற்கு முடியாத காரியமன்று. அந்தத் தாளில் சோறு வைக்கும் பெண்ணின் நாய்களும் ஒரு வரியாக வரவேண்டும். பணம் கொடுத்த சங்கத்தின் பெயரும் தொகையும் ஒரு வரியாக வரவேண்டும். சிங்களத்தில் மட்டும் போதாது, தமிழிலும் எழுதவேண்டும். இந்த ஒழுங்கைகளில் நாய் கடித்து ஊசிக்குப் போகிறவர் இரண்டு மொழியும் பேசுகின்றனர்.